பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்கள்: தயாரிப்பு முதல் ரவிக்கை, சரவிளக்கு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிஸ்டல் என்கிறார்களே, அது படிகமா கண்ணாடியா?

கண்ணாடிதான். படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடியில் அந்த அடுக்கு கிடையாது. கழுத்தில் போடும் ஸ்படிக மாலை அசலாக இருந்தால் அது குவார்ட்ஸ், அதுதான் உண்மையான படிகம். கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. கண்ணாடியின் கடினம் 5க்கும் 6க்கும் இடையில். அதனால்தான் தெருப்புழுதியை வறண்ட துணியால் துடைத்தால் கண்ணாடிக் கல்லில் கீறல் விழுகிறது. புழுதியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ்.

15ஆம் நூற்றாண்டில் வெனிஸை ஒட்டிய முரானோ தீவில் நிறமற்ற தெளிந்த கண்ணாடி செய்யக் கற்றுக்கொண்டார்கள். பார்க்கப் படிகம் போல இருந்ததால் அதற்குப் படிகத்தின் பெயரையே வைத்தார்கள். கடையில் சொல்லும் ‘கிரிஸ்டல்’ அந்த வழியில் வந்த பெயர்.

ஈயம் எதற்குக் கலந்தார்கள்? இப்போதும் கலக்கிறார்களா?

இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற கண்ணாடி வகையிலிருந்துதான் ஈயக் கண்ணாடி வளர்ந்தது. ஈய ஆக்சைடு சேர்ந்தால் மூன்று லாபம். ஒளி கூடுதலாக வளையும், வானவில் நிறங்கள் நன்றாகப் பிரியும். கண்ணாடி குறைந்த சூட்டில் இளகி, வேலை செய்ய அவகாசம் தரும். சாணையில் பிடித்தால் சிதறாமல் தேயும்.

ஐரோப்பாவில் 1969இல் வந்த விதிப்படி, ஈய ஆக்சைடு 24 சதவீதமாவது இருந்தால்தான் ‘ஈயக் கிரிஸ்டல்’ என்று விற்கலாம். 30 சதவீதம் இருந்தால் அதற்கு மேல்வகுப்புப் பெயர். ஆனால் உடையிலும் நகையிலும் வைக்கும் கற்களில் ஈயம் மெல்ல விலகிவிட்டது. பேர்பெற்ற ஆஸ்திரியக் கல் நிறுவனமான ஸ்வரோவ்ஸ்கி 2012இல் ஈயம் நீக்கிய கலவைக்கு மாறியது. ஈயத்துக்குப் பதில் பேரியம், துத்தநாகம் போன்றவற்றின் ஆக்சைடுகள் சேர்ப்பது இப்போதைய வழக்கம். மலிவான கற்கள் சாதாரண சோடா-சுண்ணக் கண்ணாடி, அதாவது ஜன்னல் கண்ணாடியின் குடும்பம்.

எங்கே செய்கிறார்கள்?

தாய்வீடு பொஹீமியா, இன்றைய செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் பகுதி. அந்தப் பக்கத்தில் 1862இல் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, மின்சாரத்தில் ஓடும் பட்டை தீட்டும் இயந்திரத்துக்கு 1892இல் காப்புரிமை வாங்கினார். 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸுக்குப் போய்த் தொழிற்சாலை வைத்தார். அங்கே நீர்மின்சாரம் கிடைத்தது. ஊரில் தன் இயந்திரத்தைப் பார்த்துப் போட்டியாளர்கள் நகல் எடுக்கும் தொல்லையும் இல்லை. யாப்லோனெட்ஸில் இன்று பெரிய பெயர் பிரெசியோசா. சீனாவில் பூஜியாங், எகிப்தில் அஸ்ஃபூர் ஆலை, இந்தியாவில் வளையலுக்கும் சரவிளக்குக்கும் உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்.

ஒரு கல் எப்படி உருவாகிறது?

முதலில் கலவை. இரும்பு மிகக் குறைந்த சிலிக்கா மணல், பொட்டாஷ் அல்லது சோடா, வகைக்கேற்ற உலோக ஆக்சைடுகள், அவற்றோடு உடைத்த பழைய கண்ணாடி. மணலில் இரும்பு கொஞ்சம் கூடினாலும் கல் பச்சையடிக்கும். பழைய பாட்டிலின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சை. நிறம் வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும்: கோபால்ட் நீலத்துக்கு, மாங்கனீசு ஊதாவுக்கு, செலினியமும் காட்மியமும் சிவப்புக்கு.

கலவை சுமார் 1400 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியதும் எடுத்துவிடக் கூடாது. உள்ளே சிக்கிய வாயு மேலே வந்து வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கல்லுக்குள் ஊசிமுனைக் குமிழிகள். சரியாகக் கலக்காவிட்டால் சர்க்கரைப் பாகில் தெரிவது போல இழைகள் ஓடும். உலையின் செங்கல் துணுக்கு விழுந்தால் வெள்ளைப் புள்ளி.

பிறகு அந்தக் குழம்பைக் கம்பிகளாக இழுத்து ஆறவைக்கிறார்கள். கம்பியின் நுனியை மறுபடி இளக்கி, இரு பாதி அச்சுக்குள் அழுத்தினால் கல்லின் கச்சா உருவம் வரும். அச்சின் இரு பாதியும் சேரும் இடத்தில் தோசை ஓரம் போல மெல்லிய சிம்பு நிற்கும். உருளைக்குள் போட்டு உருட்டி அதை உதிர்த்துவிடுவார்கள்.

அடுத்தது பலர் கண்ணில் படாத கட்டம்: சூடு தணித்தல். அழுத்திய கல்லை அப்படியே காற்றில் ஆறவிட்டால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சாணையில் தொட்டதும் தெறிக்கும், அல்லது ஆறு மாதம் கழித்து சட்டத்துக்குள்ளேயே விரியும். ஈயக் கண்ணாடியை 450 டிகிரி அளவில் வைத்துச் சீராக இறக்க வேண்டும். சோடாக் கண்ணாடிக்கு அதைவிடக் கிட்டத்தட்ட நூறு டிகிரி கூடுதலாக வேண்டும்.

பிறகுதான் பட்டை. அரக்கு கலந்த பிசினால் கற்களை உலோகத் தலைகளில் வரிசையாக ஒட்டி, ஒரே கோணத்தில் சாணைச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். ஒரு பட்டை முடிந்ததும் தலை குறிப்பிட்ட பாகை திரும்பும், அடுத்த பட்டை. தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சூட்டுக்கு மட்டுமல்ல, கண்ணாடித் தூள் மூச்சில் போகாமல் இருப்பதற்கும். சாணை விட்ட முகம் பால்வெள்ளையாக இருக்கும். சீரியம் ஆக்சைடு குழம்போடு மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் தெளியும். மேல்பாதி முடிந்ததும் கல்லைப் புரட்டி ஒட்டிக் கீழ்ப்பாதி.

கல்லின் தரம் இந்த மெருகில் வெளிப்படும். சக்கரம் மிருதுவாகவும் நேரம் அதிகமாகவும் இருந்தால் பட்டைகளின் ஓரம் மழுங்கும். கல் மினுங்கும், ஆனால் ஒளி தெறிக்காது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையில் உள்ள கோடு கத்தி விளிம்பு போல இருந்தால்தான் கல்லை அசைக்கும்போது ஒளி ‘பளிச், பளிச்’ என்று விட்டுவிட்டு அடிக்கும்.

கல்லின் பின்புறம் ஏன் தங்கமாகவோ வெள்ளியாகவோ இருக்கிறது?

அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சின்னக் கல்லில் மினுமினுப்பே இருக்காது. மேலிருந்து போன ஒளி அடிப்பட்டையில் முட்டித் திரும்பி வர வேண்டும். வைரத்துக்குள் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து முட்டும் ஒளியெல்லாம் முழுதாகத் திரும்பிவிடும். சாதாரணக் கண்ணாடியில் அந்த எல்லை 41 டிகிரி; ஈயக் கண்ணாடியில் 40 பக்கம். ஆகவே கண்ணாடியில் வைரத்தைவிட அதிக ஒளி பின்பக்கமாக ஒழுகும். பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியில் இருப்பது போன்ற பூச்சு போட்டு அந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் போலி வைரம் செய்து பேர் பெற்ற நகைக்காரர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்ட்ராஸ் கண்ணாடிக் கல்லின் முதுகில் உலோகம் பூசினார். அவர் பெயரே கல்லுக்கும் ஆயிற்று. இப்போதைய நல்ல கல்லில் மூன்று அடுக்கு: முதலில் வெள்ளி, அதைக் காக்கச் செம்பு, அதன்மேல் தங்க நிறத்தில் அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு வார்னிஷ். மலிவுக் கல்லில் இந்த அடுக்குகள் குறையும். நகத்தால் சுரண்டினாலே உரியும். முன்பக்கம் எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும், கண்ணாடிக் கல்லின் உயிர் முதுகில்தான் இருக்கிறது. கீழே வரும் பழுதுகளில் பாதி அங்கிருந்து கிளம்புகிறவை.

‘ஏபி கல்’ என்பது என்ன?

அரோரா போரியாலிஸ் என்பதன் சுருக்கம். வடதுருவ வானொளியின் பெயர். கிறிஸ்டியன் டியோருடன் சேர்ந்து ஸ்வரோவ்ஸ்கி 1956இல் கொண்டுவந்தது. வெற்றிட அறையில் உலோக ஆக்சைடை ஆவியாக்கிக் கல்லின் மேல் படியவைக்கிறார்கள். மழைச் சாலையில் சிந்திய பெட்ரோல் பல நிறம் காட்டுவது எப்படியோ அப்படியே இதுவும், சாயம் கிடையாது. பூச்சு மெல்லியது, ஆகவே கற்களைப் பையில் ஒன்றோடொன்று உரசவிட்டால் நிறம் திட்டுத் திட்டாகப் போகும்.

எஸ்எஸ் 10, எஸ்எஸ் 16 என்றால் எவ்வளவு பெரிது? எத்தனை கல் வாங்க வேண்டும்?

எஸ்எஸ் என்பது கல்லின் அளவு எண். எண்ணை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்எஸ் 6 சுமார் 2 மி.மீ., எஸ்எஸ் 10 சுமார் 2.8, எஸ்எஸ் 16 சுமார் 3.9, எஸ்எஸ் 20 சுமார் 4.7, எஸ்எஸ் 30 சுமார் 6.4. சின்ன உலோகக் கிண்ணம் போன்ற கப்பில் பதிக்கும் கூம்படிக் கற்களான சாட்டனில் சின்ன அளவுகளைப் பிபி என்ற வேறு எண்ணில் சொல்வார்கள். இரண்டையும் குழப்பினால் கல் கப்பில் உட்காராது.

விற்பனை குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் 144 கல். ரவிக்கைக் கை ஓரத்தின் சுற்றளவு 28 செ.மீ. என்று வைப்போம். எஸ்எஸ் 10 கல்லை 1 மி.மீ. இடைவெளியில் வைத்தால் ஒரு கல்லுக்கு 3.8 மி.மீ. பிடிக்கும், 280ஐ 3.8ஆல் வகுத்தால் 74 கல். இரண்டு கைக்கும் ஒரே ஒரு வரிசைக்கு 148. ஒரு குரோஸ் வாங்கியவர் கடைசி நாலு கல்லுக்காக மறுபடி கடைக்குப் போவார். முழுப் பரப்பையும் நிரப்புவதென்றால் ஒரு சதுர செ.மீ.க்கு எஸ்எஸ் 10 பன்னிரண்டும், எஸ்எஸ் 16 ஆறும் என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

ஹாட்ஃபிக்ஸ் கல் துவைத்ததும் உதிர்கிறதே, ஏன்?

ஹாட்ஃபிக்ஸ் கல்லின் முதுகில் சூட்டில் உருகும் பசை ஏற்கெனவே இருக்கும். 150 முதல் 170 டிகிரி வேண்டும். உருகிய பசை துணியின் இழைகளுக்குள் இறங்கி இறுக வேண்டும். உதிரும் கல்லின் முதுகைப் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசை கல்லிலேயே வழவழப்பாக, துணியின் தடம் இல்லாமல் இருந்தால் சூடு போதவில்லை, அல்லது துணி பசையை ஏற்கவில்லை. தண்ணீர் ஒட்டாத பூச்சுள்ள துணி, கஞ்சி ஏறிய புதுத் துணி இரண்டும் இப்படிச் செய்யும். கஞ்சித் துணியை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டபின் ஒட்ட வேண்டும். பசையில் துணி நெசவின் தடம் பதிந்தும் கழன்றிருந்தால், ஆறுவதற்குள் அசைத்திருக்கிறார்கள். பசை கல்லைச் சுற்றி வளையமாகப் பிதுங்கியிருந்தால் சூடும் அழுத்தமும் அதிகம். பசை முழுதும் துணியிலேயே தங்கி, கல்லின் முதுகு கறுப்பாகவோ வெறும் கண்ணாடியாகவோ வந்தால் பசையில் குற்றமில்லை, பூச்சு உரிந்திருக்கிறது. மட்டமான கல்.

கையில் பிடிக்கும் ஹாட்ஃபிக்ஸ் கருவி என்றால் எஸ்எஸ் 10க்குப் பத்து விநாடிக்குள், எஸ்எஸ் 20க்குப் பதினைந்து விநாடி, எஸ்எஸ் 30க்கு அதைவிடக் கூட. இஸ்திரிப் பெட்டி என்றால் ஆவியை அணைத்துவிட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, தேய்க்காமல் அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். ஆவியோட்டை உள்ள இடத்தில் கல் மாட்டினால் அங்கே சூடு போகாது. பட்டுத் துணிக்கு இந்தச் சூடு அதிகம். தையல் பிரித்தெடுத்த துண்டில் ஒரு கல் வைத்துப் பார்க்காமல் முந்தானையில் தொட வேண்டாம். ஒட்டி ஒரு நாள் கழித்தே துவைக்க வேண்டும், உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில்.

பசையால் ஒட்டும் கல்லுக்கு எந்தப் பசை?

துணிக்கு, காய்ந்த பிறகும் வளையும் பசை. பி-7000 வகைகள் கடைகளில் கிடைக்கின்றன. தொடும்போது காய்ந்ததாகத் தெரிந்தாலும் முழுப் பிடிப்புக்கு 24 முதல் 48 மணி நேரம். உலோகக் கப்பில் கூம்புக் கல் வைக்க இரு குழாய் எபாக்சி, சம அளவு கலந்து, பற்குச்சி நுனியில் ஒரு பொட்டு மட்டும். பசை கப்பின் விளிம்புக்கு ஏறினால் கல் மங்கும்.

நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி கல்லைச் சுற்றி வெண்மையாகப் படியும், துடைத்தால் போகாது. இறுகியபின் வளையாது, துணி மடியும்போது கண்ணாடி போல விரியும்.

கல் கறுத்துவிட்டது, திரும்ப வெளுக்க முடியுமா?

முடியாது. முதுகின் வெள்ளி கறுத்தபின் எந்தத் திரவத்தாலும் மீளாது. கல்லை மாற்றுவதுதான் வழி. விளிம்பில் ஒரு கறுப்பு நிலாப்பிறை தெரிந்தால் ஈரம் பூச்சுக்கு அடியில் புகுந்து தொடங்கிவிட்டது என்று பொருள். வியர்வை, வாசனைத் திரவியம், ஈரப் பூ, தலையெண்ணெய் ஆகியவை சடைநகைக்கும் நெற்றிச்சுட்டிக்கும் எதிரிகள். கந்தகமும்தான்: கல்நகையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதைப் போல அதைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை. தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. கழற்றியதும் லேசாக ஈரமான துணியால் முகப்பை மட்டும் துடைத்து, காற்றாட வைத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

ஆரி வேலைக்கு எந்தக் கல்?

விளிம்பில் துளையுள்ள தையல் கல், அல்லது கப்போடு வரும் கல். கப்பின் அடியில் குறுக்காக இரண்டு வழி இருக்கும். அதில் நூலைச் சிலுவையாகப் போட்டு இழுக்க வேண்டும். துளைக் கல்லின் துளை ஓரம் கூர்மையாக இருந்தால் ஆறு மாதத்தில் நூலை அறுக்கும். வாங்கும்போது ஒரு நூலைத் துளையில் விட்டு முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள், பஞ்சு பறந்தால் வேண்டாம். தட்டைக் கல்லைப் பசையில் வைத்துச் சுற்றிலும் ஜர்தோசி சுருளால் வேலி கட்டுவது பழைய முறை. பசை விட்டாலும் வேலி தாங்கும்.

பரதநாட்டிய நகையின் கெம்பு, தஞ்சாவூர் ஓவியத்தின் கல் இவையும் இதே வகையா?

உறவு உண்டு. நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளிலும் நடன நகைகளிலும் உள்ள சிவப்புக் கெம்பு இன்று பெரும்பாலும் கண்ணாடியோ செயற்கைக் கல்லோதான். பட்டை குறைவு, நிறம்தான் முக்கியம். தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லை முதலில் ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த கூழால் சுற்றி மேடு கட்டி, அதன்மேல் தங்க இழை ஒட்டுவார்கள். கூழ் காய்வதற்குள் இழை ஒட்டினால் ஈரம் கல்லின் முதுகுக்குள் போய் இரண்டு வருடத்தில் கறுக்கும்.

திருச்சியின் செயற்கை வைரம் வேறு. அங்கே தீட்டுவது கண்ணாடியல்ல, இப்போது பெரும்பாலும் க்யூபிக் சிர்கோனியா. கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு கனம், கடினம் 8க்கு மேல்.

கடையில் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, சிர்கோனியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உதட்டில் வைத்தால் கண்ணாடி சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அச்சில் வார்த்த கல்லின் பட்டை ஓரம் உருண்டிருக்கும், இடுப்பில் சேர்ப்புக் கோடு தெரியும்; தீட்டிய கல்லில் ஓரம் கூர்மை. ஒரே அளவுக் கற்களைக் கையில் வைத்துப் பார்த்தால் சிர்கோனியா கண்ணாடியைவிடக் கனமாக இருக்கும்.

‘ஸ்வரோவ்ஸ்கி’ என்று உதிரியாகக் குவித்து மலிவாக விற்றால் சந்தேகப்படுங்கள். சில்லறைக் கைவினைக் கடைகளுக்கு உதிரிக் கல் தருவதை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2020இல் அறிவித்துவிட்டது.

சரவிளக்குத் தொங்கல்களில் பூச்சு இல்லையே?

தேவையில்லை. விளக்கு பின்னாலும் பக்கத்திலும் எரிகிறது. ஒளி ஊடுருவிப் பிரிந்து வர வேண்டும். அதனால் துவைக்கும் பயமும் இல்லை. மின்சாரத்தை அணைத்து, பல்பு ஆறியபின், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு நாலு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, பருத்திக் கையுறையில் நனைத்து ஒவ்வொரு தொங்கலாகத் துடைக்கலாம். போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும். விளக்கைச் சுழற்றிச் சுழற்றித் துடைப்பது பலர் செய்யும் தவறு. சுழலும்போது மேலே திருகாணி கழலும். நகர வேண்டியது ஏணிதான்.

எட்டுப்பட்டைக் கோப்புக் கல்லையும் தொங்கலையும் இணைக்கும் பித்தளைக் கம்பி வருடங்கள் போனால் தேயும். ஒன்று அறுந்தால் அந்தச் சரம் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. கண்ணாடி கனமானது, ஈயக் கண்ணாடி இன்னும் கனம். சீலிங் ஃபேன் கொக்கியில் மாட்டுவதற்கு முன் மொத்த எடையை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கேளுங்கள்.

ஜன்னலில் தொங்கவிடும் வானவில் உருண்டையில் ஒரு எச்சரிக்கை. பட்டையுள்ளது ஒளியைச் சிதறடிக்கும். வழவழப்பான உருண்டை வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். திரைச்சீலை கருகும், தீயும் பிடிக்கலாம்.

ஈயக் கல் உடம்புக்கு ஆபத்தா?

அணிவதால் கவலையில்லை, ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டிருக்கிறது. குழந்தை வாயில் வைத்துச் சப்புவது, விழுங்குவது வேறு விஷயம். அமெரிக்காவில் குழந்தைப் பொருள்களில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே ஏற்றுமதி செய்யும் குழந்தை உடையில் ஈயக் கல் வைக்கவே முடியாது. ஈயக் கிரிஸ்டல் கிண்ணத்தில் ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும், நேரம் கூடக்கூட அதிகமாக.

அதே நிறம், அதே எண், ஆனால் புதிதாக வாங்கிய கல் பழையதோடு சேரவில்லையே?

உலைக்கு உலை நிறம் சற்று மாறும். பூச்சுள்ள கல்லில் இன்னும் அதிகமாகத் தெரியும். ஒரே உடைக்கு வேண்டியதை ஒரே தடவையில், ஒரே பாக்கெட் எண்ணில் வாங்க வேண்டும். இரண்டு பாக்கெட் கலந்தே ஆக வேண்டுமென்றால் தட்டில் கொட்டிக் கலந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு கை ஒரு பாக்கெட், மறு கை இன்னொரு பாக்கெட் என்று வைத்தால்தான் மேடை விளக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கூடுதலாக வாங்கிய பத்தில் ஒரு பங்கைப் பாக்கெட் சீட்டோடு சேர்த்து அந்த ரவிக்கையின் பையிலேயே போட்டு வையுங்கள். உதிர்ந்த இடத்தில் வைக்க அதே உலையில் பிறந்த கல் அப்போது கையில் இருக்கும்.